சால்வையின் விலையில் யாருடைய கூலி இருக்கிறது?

‘இயற்கை விளைபொருள்’ என்று அச்சடித்த பையில் வருவதெல்லாம் இயற்கை விளைபொருள் ஆகாது என்று பத்து வருஷமா நாம ஊருக்குச் சொல்லிக்கிட்டிருக்கோம். விளைவித்தது யார், எந்த ஊர், எந்த வயல் என்று கேளுங்கள் என்கிறோம். விலை ஏன் கூடுதல் என்று நுகர்வோர் கேட்டால், களையெடுத்த கூலி, தொழு உரம் அடித்த வண்டி வாடகை என்று கணக்கைப் பிரித்துக் காட்டுகிறோம். எல்லாம் சரிதான். ஆனால் நாமே கடைக்குப் போய் ஒரு கைவினைப் பொருள் வாங்கும்போது இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கேட்கிறோமா?

இப்போது நம் சந்தைகளில் காய்கறி, அரிசி, எண்ணெயோடு பாய், கூடை, மண்பாண்டம், கைத்தறித் துணி, பழங்குடியினர் செய்த பொருள்கள் என்று மேசைகள் கூடிக்கொண்டே வருகின்றன. நல்ல விஷயம்தான். இந்த நேரத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. கைவினைப் பொருளில் ‘அசல்’ என்பது இரண்டு கேள்வி. அந்தச் சமூகத்தின் கை செய்ததா என்பது ஒன்று. அந்தக் கைக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்பது இன்னொன்று. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இதை விளக்க எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: நீலகிரித் தோடர் பெண்கள் செய்யும் பூத்தையல். வங்கி வேலையில் இருந்தபோது மூன்று வருஷம் நீலகிரியில் ஒரு கிளையில் இருந்தேன். ஓய்வு பெற்று ஈரோடு மாவட்டத்தில் நாலரை ஏக்கரில் மஞ்சளும் நெல்லும் வைத்த பிறகும் அந்த மலையோடு தொடர்பு விடவில்லை.

துணி நம்முடையது, பூ அவர்களுடையது

நீலகிரியின் மேல்மலையில் எருமை மேய்த்து வாழ்ந்த மக்கள் தோடர்கள். மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் சின்னக் கிராமத்துக்கு மந்து என்று பெயர். அவர்கள் பேசும் மொழி திராவிட மொழிதான், எழுத்து வடிவம் கிடையாது. தமிழ்நாட்டில் ‘குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள்’ என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களில் இவர்களும் ஒருவர். மற்றவர்கள் கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்.

பணம் புழங்காத காலத்தில் இந்த மலையில் ஒரு பண்டமாற்று இருந்தது. தோடர்கள் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். கோத்தர்கள் மண்பானையும் இரும்புக் கருவியும் செய்து கொடுத்தார்கள், சடங்குகளுக்கு இசையும் அவர்களே. படகர்கள் தானியம் கொடுத்தார்கள். குறும்பர்கள் காட்டுப் பொருள் கொடுத்தார்கள். யார் செய்தது என்ற கேள்வியே அங்கே எழவில்லை, ஏனென்றால் செய்தவர் எதிரில் நின்றார்.

தோடர்கள் நெய்வதில்லை. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற பெரிய போர்வைக்கான பருத்தித் துணி எப்போதும் கீழே சமவெளியில் இருந்துதான் மேலே போனது. ஆக, பருத்தி விதைத்தவரும் நெய்தவரும் சமவெளிக்காரர்கள். மேலே போன அந்த முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூ போட்டவர்கள் தோடர் பெண்கள். இந்த வேலை முழுக்கப் பெண்களுடையது. தாயிடம் பார்த்து மகள் கற்றுக்கொள்வது.

ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்வது பூத்துக்குளி. திருவிழாவுக்கும் அதுதான், இறந்தவர் உடலைப் போர்த்துவதற்கும் அதுதான். அதனால் அவர்களுக்கு இது வெறும் குளிருக்கான துணி இல்லை. நம் வீட்டில் முகூர்த்தப் புடவையை எப்படி வைத்திருப்போமோ, அதைவிட ஒருபடி மேலே.

எண்ணித் தைக்கும் வேலை

சாதாரணமாகப் பூத்தையல் என்றால் துணியில் முதலில் படம் வரைவார்கள், சட்டத்தில் மாட்டுவார்கள், கோட்டின் மேல் தைப்பார்கள். தோடர் பெண்கள் வரைவதும் இல்லை, சட்டம் வைப்பதும் இல்லை. துணியின் ஊடு நூலையும் பாவு நூலையும் கண்ணால் எண்ணி, எத்தனை நூலுக்கு மேல் ஊசி போக வேண்டும், எத்தனைக்குக் கீழே வர வேண்டும் என்று மனசுக்குள் கணக்கு வைத்துத் தைக்கிறார்கள். எருமைக் கொம்பு, மலை, சூரியன் என்று எந்த வடிவம் ஆனாலும் நேர்க்கோட்டிலும் முக்கோணத்திலும் கட்டங்களிலும்தான் வரும். எண்ணித் தைத்தால் அப்படித்தான் வரும். தையலை முழுக்க இறுக்காமல் நூலைச் சின்னச் சின்னக் கண்ணியாக விடுவதால் தொட்டால் மேடு தட்டும். பார்ப்பவர்கள் இது தைத்ததா நெய்ததா என்று குழம்புவார்கள்.

கிளையில் இருந்தபோது ஒரு குழுக் கடன் விஷயமாக மந்து ஒன்றுக்குப் போயிருந்தேன். திண்ணையில் ஒரு அம்மா தைத்துக்கொண்டிருந்தார். நான் கேள்வி மேல் கேள்வி கேட்க, அவர் கையை எடுக்காமலே சொன்னார்: “சார், ஒரு நிமிஷம் பேசாம இருங்க. எண்ணிக்கை தப்பிச்சுன்னா வரிசை மொத்தத்தையும் பிரிக்கணும்.” வரிசை முடிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் கணக்கு எழுதி வாழ்ந்த எனக்கு அந்த வேலையின் அருமை அந்த இடத்தில் புரிந்தது. பேரேட்டில் தப்பினால் அடித்து எழுதலாம். துணியில் பிரிக்கத்தான் வேண்டும்.

மாட்டுக்குப் புல், அடுப்பு, பிள்ளைகள், தேயிலைத் தோட்டக் கூலி வேலை எல்லாம் முடிந்து, வெளிச்சம் இருக்கும் நேரத்தில்தான் இது நடக்கிறது. அதனால் ஒரு சால்வை வாரக்கணக்கில் எடுக்கும். பெரிய பூத்துக்குளி என்றால் மாதக்கணக்கு.

போலி எப்படி நுழைகிறது

ஊட்டிக்கு வரும் பிரமுகர்களுக்குத் தோடர் சால்வை போர்த்துவது இன்று வழக்கமாகிவிட்டது. சுற்றுலா வருபவர்களும் கேட்கிறார்கள். கேட்பவர் கூடியதும், செய்யும் கைகள் சிலநூறு மட்டுமே என்பதால், இடைவெளியை இயந்திரம் நிரப்ப வருகிறது. கணினியில் வடிவத்தை ஏற்றிவிட்டால் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் தைத்துத் தள்ளிவிடும். அச்சடித்தால் இன்னும் சுலபம். அப்படி வந்த துணி அசலின் பக்கத்திலேயே, மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தொங்குகிறது. தெரியாதவர் எதை எடுப்பார்? மலிவானதைத்தான். நம் கைக்குத்தல் அரிசிக்குப் பக்கத்தில் சாயம் ஏற்றிய ஆலை அரிசி வைத்த மாதிரி.

எனவே துணியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை:

1. திருப்பிப் பாருங்கள். அசலில் ஒரே நூல்தான் துணியின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கி வரும், இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும். இயந்திரத் தையலில் அடியில் வேறொரு மெல்லிய நூல் ஓடும். சிலவற்றில் பின்புறம் தாள் மாதிரி ஒரு தாங்கு துணி ஒட்டியிருக்கும். அச்சு என்றால் பின்பக்கம் மங்கிப்போயிருக்கும்.

2. வளைவுகளைப் பாருங்கள். நூல் எண்ணித் தைத்ததில் வட்டமான வளைவு, கொடி, இலை எல்லாம் வராது. வந்திருந்தால் அது இயந்திரமோ வேறு வகைத் தையலோதான்.

3. ஒரே மாதிரி பத்து இருக்கிறதா பாருங்கள். கைவேலையில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் சின்ன வித்தியாசம் இருக்கும். அச்சில் வார்த்ததுபோல் பத்தும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. துணியைத் தொட்டுப் பாருங்கள். எண்ணுவதற்கு வசதியாக நூல் தனித்தனியாகத் தெரியும் முரட்டுப் பருத்தித் துணியில்தான் இந்த வேலை நடக்கும். வழவழப்பான பாலியஸ்டர் துணியில் நூலை எப்படி எண்ணுவது?

இந்த நாலும் தேறிவிட்டாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. வேறு யாரோ, வேறு ஊரில், இதே முறையைக் கற்றுக்கொண்டு கையால் தைத்திருந்தால் துணி அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்: எந்த மந்து? தைத்தவர் யார்? அவரிடம் நீங்கள் நேராக வாங்கினீர்களா? நேர்மையான கடைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். “எல்லாம் லோக்கல் ஐட்டம்தான் சார்” என்று மழுப்பினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

புவிசார் குறியீடு: எதைக் காக்கும், எதைக் காக்காது

தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியில் இருக்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் பூம்புகார் நிறுவனம் மூவரும் சேர்ந்து முயற்சி எடுத்தார்கள். அதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

புவிசார் குறியீடு ஒருவருக்குச் சொந்தமானது இல்லை, ஒரு சமூகத்துக்கு, ஒரு வட்டாரத்துக்குச் சொந்தமானது. அதுதான் அதன் பலம். ‘தோடர் பூத்தையல்’ என்ற பெயரை வேறு யாரும் தங்கள் சரக்கின் மேல் போட்டு விற்றால் அது சட்டப்படி குற்றம்.

ஆனால் மூன்று விஷயங்களை அது செய்யாது. முதலாவது, அது பெயரைக் காக்கிறது. பெயரைச் சொல்லாமல் ‘நீலகிரி டிசைன்’, ‘மலைவாழ் ஸ்டைல்’ என்று வடிவத்தை மட்டும் எடுத்து விற்பவரைப் பிடிப்பது கஷ்டம். இரண்டாவது, குற்றம் என்று சட்டம் சொன்னாலும் யாராவது புகார் கொடுக்க வேண்டும், வழக்கு நடத்த வேண்டும். மந்தில் தைத்துக்கொண்டிருக்கும் பெண் எந்த ஊர்க் கடையில் என்ன விற்கிறது என்று போய்ப் பார்க்க முடியுமா? மூன்றாவது, அது விலையையோ கூலியையோ தீர்மானிப்பதில்லை. அசல் துணியையே தைத்தவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, நகரத்தில் ஐந்து மடங்குக்கு விற்றாலும் குறியீட்டுச் சட்டம் கேள்வி கேட்காது.

நமக்கு இது புதுசு இல்லை. சான்றிதழ் வாங்கினால் விளைபொருளுக்கு ஒரு முத்திரை கிடைக்கிறது. அந்த முத்திரை உழவருக்கு நியாய விலை வாங்கித் தருமா? தராது. அதற்குத் தனியாகச் சந்தை கட்ட வேண்டியிருக்கிறது. பவானி ஜமுக்காளத்தைப் பாருங்கள். புவிசார் குறியீடும் உண்டு, 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜமுக்காளம் கைத்தறிக்கு என்று ஒதுக்கப்பட்ட ரகமும்கூட. இரண்டு வேலி போட்டும் விசைத்தறி ஜமுக்காளம் பவானி பெயரில் விற்பது நிற்கவில்லை. எங்கள் மாவட்டத்துக்காரன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

வேறு நாடுகளில் நடந்தது

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ‘பிருபி ஆர்ட்’ என்ற நிறுவனம் பூமராங், டிட்ஜெரிடூ ஊதுகுழல் முதலான பொருள்களை அந்நாட்டுப் பழங்குடியினர் கையால் செய்தவை என்று நினைக்கும்படி விற்றது. உண்மையில் அவை இந்தோனேசியாவில் செய்யப்பட்டவை. 2015 நடுவில் இருந்து 2017 கடைசி வரை பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கடைகளுக்குப் போயிருந்தன. வழக்குத் தொடுத்தது அந்நாட்டு நுகர்வோர் ஆணையம். 2018-இல் நீதிமன்றம் இது ஏமாற்று என்று தீர்ப்பளித்தது. 2019-இல் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் பூர்வகுடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதைக் குற்றமாக்கி 1990-இல் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். முதல் முறை மாட்டினாலே ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது.

ஆஸ்திரேலிய வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏமாற்றப்பட்டவர்கள் வாங்கியவர்கள் என்றுதான் வழக்கு நடந்தது. நஷ்டம் வாங்கியவருக்கு மட்டுமா? அந்தப் பதினெட்டாயிரம் பொருளைச் செய்திருக்க வேண்டிய கைகளுக்கு ஒரு வேலையும் வராமல் போனதே, அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? போலி ஒன்று விற்கும்போது அசல் ஒன்று விற்காமல் போகிறது. அதோடு ‘இந்தப் பொருளுக்கு இவ்வளவுதான் விலை’ என்ற எண்ணமும் வாங்குபவர் மனதில் பதிந்துவிடுகிறது. அதைத் திருத்துவதுதான் ரொம்பக் கஷ்டம்.

ஒரு விலைக் கணக்கு

வங்கிக்காரன் கணக்குப் போடாமல் கட்டுரையை முடிக்க மாட்டான். கீழே இருப்பது உதாரணக் கணக்கு. நாளையும் நேரத்தையும் தைத்தவரிடமே கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய சால்வைக்குத் தினம் நாலு மணி நேரம் என்று பன்னிரண்டு நாள் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் கூலி போட்டால் 2,880 ரூபாய். துணி, நூல், பஸ் செலவுக்கு 500 ரூபாய். அடக்கம் 3,380 ரூபாய். கடை வாடகை, விற்பவர் கூலி, தங்கி நிற்கும் சரக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து அடக்கத்தின் மேல் கால் பங்கு, அதாவது 845 ரூபாய். விற்க வேண்டிய விலை 4,225 ரூபாய்.

இதே அளவு சால்வை 900 ரூபாய்க்குத் தொங்குகிறது என்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கடையின் கால் பங்கு கழித்தால் அடக்கம் 720 ரூபாய். துணி, நூல், பஸ் 500 போக மீதி 220. அதை 48 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஐந்து ரூபாய்கூடத் தேறாது. ஆக, ஒன்று அது இயந்திரத்தில் தைத்தது. இல்லை என்றால் ஒரு பெண்ணின் பன்னிரண்டு நாள் உழைப்பைச் சும்மா வாங்கியிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் அது நாம் வாங்கக்கூடிய பொருள் இல்லை.

அதிக விலை போட்டிருந்தால் மட்டும் தைத்தவருக்குப் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். பெரிய நகரத்துக் கடையில் ஆறாயிரத்துக்கு விற்பதில் எவ்வளவு மலை ஏறுகிறது என்று கேளுங்கள். தக்காளி கிலோ எண்பது விற்கும்போது நம் கைக்கு வருவது எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா?

பணம் எப்போது வருகிறது என்பதும் விலைதான்

பல கடைகள் சரக்கை வாங்கும்போது பணம் தருவதில்லை. ‘வித்தா தர்றோம்’ என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். விற்றது எப்போது, எத்தனைக்கு என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். மண்டியில் மூட்டையைப் போட்டுவிட்டு நாலு நடை நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலையில் வியாபாரம் ஏப்ரல், மே சீசனில்தான் சூடுபிடிக்கும். மழை மாதங்களில் தைப்பார்கள், விற்பனை இருக்காது. நூல் வாங்க மட்டும் கையில் காசு வேண்டும். குழுக் கடனோ மாதாமாதம் தவணை கேட்கும். வருமானம் ஒரு பருவத்தில், தவணை எல்லா மாதமும் என்றால் இடைவெளியை நிரப்புவது யார்? முன்பணம் கொடுக்கும் வியாபாரி. முன்பணம் கொடுத்தவர் சொன்னதுதான் விலை. பயிர்க்கடனை அறுவடைக்கு ஏற்றபடி திருப்பிக் கட்டலாம் என்று விதி இருப்பதுபோல் கைவினைக்கும் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விதி மாறும் வரை, ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணம் கொடுப்பது நாம் செய்யக்கூடிய மிக எளிய உதவி. அதற்கு உதவி என்று பெயர் வைப்பதுகூட தப்பு. அது நியாயமான வியாபாரம்.

புல்வெளி இல்லாமல் எருமைக் கொம்பு ஏது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் உழவர் பத்திரிகையில் எழுதியதற்கு அர்த்தமில்லை. தோடர் பூத்தையலில் வரும் எருமைக் கொம்பு எங்கிருந்து வந்தது? மேல்மலைப் புல்வெளியில் மேய்ந்த எருமையிடமிருந்து. அந்தப் புல்வெளியும் இடையிடையே இருக்கும் சோலைக்காடும்தான் நம் ஆறுகளுக்கு மழைநீரைப் பிடித்து வைத்துக் கொடுப்பவை. பவானிக்கு வரும் தண்ணீரில் அந்த மலைக்குப் பெரிய பங்கு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் ரேயான் ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று புல்வெளிகளில் மரம் நட்டோம். தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் பரவின. மேய்ச்சல் நிலம் சுருங்கியது, எருமையும் குறைந்தது. தோடா எருமை தனி இனமாக அடையாளம் காணப்பட்டது, இன்று அதன் எண்ணிக்கை கவலைக்குரிய அளவில் இருக்கிறது. எருமையில் இருந்து வந்த வருமானம் போன இடத்தில்தான் சால்வை விற்கும் வருமானம் இன்று முக்கியமாகி நிற்கிறது.

அதனால் சால்வை வாங்கிவிட்டதால் அவர்களுக்கு எல்லாம் செய்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உள்ளிட்ட சமூக உரிமைகளைப் பழங்குடிகளுக்கு உறுதி செய்கிறது. அந்த உரிமைக்கு அவர்கள் குரல் கொடுக்கும்போது உழவர் இயக்கமும் பக்கத்தில் நிற்க வேண்டும். நம் நாட்டு மாடு, மேய்ச்சல் புறம்போக்கு என்று பேசுகிற நமக்கு இது தனி விவகாரம் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

நம் குழுக்களும் சந்தைகளும் நாளைக்கே தொடங்கக்கூடிய சில விஷயங்கள்:

ஒன்று, வாங்கும் இடம். முடிந்தவரை தைத்தவரிடமோ அவர்களுடைய சங்கத்திடமோ வாங்குங்கள். முடியாவிட்டால் பூம்புகார் விற்பனை நிலையங்கள், மத்திய அரசின் ‘டிரைப்ஸ் இந்தியா’ கடைகள் இருக்கின்றன. நீலகிரியில் ‘ஆதிமலை’ என்று பழங்குடிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் 2013 முதல் இயங்குகிறது. தேன், சிறுதானியம் முதலியவற்றை விற்கிறார்கள். நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அவர்களிடம் பேசிப் பொருளுக்குப் பொருள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம். நம் அரிசியும் கடலை எண்ணெயும் மலைக்குப் போகட்டும், அவர்கள் தேனும் பூத்தையலும் கீழே வரட்டும். பழைய பண்டமாற்றின் இன்றைய வடிவம் அது.

இரண்டு, பொன்னாடை. நம் கூட்டங்களில் மேடையில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் பளபளக்கும் பாலியஸ்டர் துணியைப் போர்த்துகிறோம். வீட்டுக்குப் போனால் அது கரித்துணிக்குக்கூட ஆகாது. அந்தக் காசை வருஷம் முழுக்கச் சேர்த்தால், முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, உண்மையிலேயே கௌரவிக்க வேண்டிய ஒருவருக்கு ஒரு நல்ல சால்வை போர்த்தலாம். மற்றவர்களுக்கு ஒரு கைத்தறித் துண்டு போதும்.

மூன்று, சந்தை மேசைக்கு விதி. கைவினைப் பொருள் வைப்பவர் ஒவ்வொரு பொருளிலும் ஒரு சின்னச் சீட்டு கட்ட வேண்டும்: எந்தச் சமூகம், எந்த ஊர், எத்தனை நாள் வேலை, செய்தவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது. செய்தவர் சம்மதித்தால் பெயரும் இருக்கலாம். பங்கேற்பு உத்தரவாத முறையில் பக்கத்து உழவர் வயலைப் பார்த்துச் சான்று சொல்கிறோம் இல்லையா? அந்த முறையை இதற்கும் கொண்டுவரலாம். வருஷத்தில் ஒரு தடவை குழுவில் இருந்து இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து வந்தால் போதும்.

நான்கு, பேரம். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சின்னப் பொருளாக வாங்குங்கள். பர்ஸ், பை, மேசை விரிப்பு என்று விற்பனைக்காகவே அவர்கள் சின்னச் சின்னதாகவும் செய்கிறார்கள். பெரியதை எடுத்து விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

ஐந்து, மரியாதை. மந்துக்குப் போனால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுடைய பால் கோயில் பக்கம் வெளியாட்கள் நெருங்கக் கூடாது. அவர்கள் போர்த்திக்கொண்டிருக்கும் பழைய பூத்துக்குளியை ‘இது என்ன விலை, கொடுங்க’ என்று கேட்பது நம் வீட்டுச் சாமி படத்துக்கு விலை கேட்பது மாதிரி. விற்பதற்கு என்று வைத்திருப்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஆறு, பொறுமை. ஆர்டர் கொடுத்தால் இரண்டு மூன்று மாதம் காத்திருங்கள். வீட்டில் ஒரு சாவு, ஒரு திருவிழா என்றால் தையல் நிற்கும். அவசரப்படுத்தினால் எங்காவது இருந்து இயந்திரத் துணி வந்து சேரும்.

தோடர் பூத்தையலை உதாரணமாக எடுத்தேன். பத்தமடைப் பாய்க்கும், கோத்தர் மண்பாண்டத்துக்கும், உங்கள் பக்கத்து ஊர் மூங்கில் கூடைக்கும் இதே கேள்விகள்தான். செய்தவர் யார், எத்தனை நாள், கையில் எவ்வளவு, எப்போது கொடுத்தீர்கள். நம் விளைபொருளைப் பற்றி நுகர்வோர் இந்த நாலு கேள்வியையும் கேட்க வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் பாடுபடுகிறோம். நாம் வாங்கும் இடத்தில் அதைக் கேட்கப் பழகினால், விற்கும் இடத்தில் பதில் சொல்லும்போது நம் குரலும் நிமிர்ந்து நிற்கும்.